மரணக்கிணற்றில் இறங்கிய சூறாவளி

பொருட்காட்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரணக்கிணற்றில் வண்டி ஓட்டுகிறவன் விழுந்துவிட்டால், மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் அதே கிணற்றின் அடியில் நின்று, எப்படி விழுந்தேன் என்று மற்றக் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் குற்றம் எதன்மேல் என்று அவர்கள் சொல்லுவார்கள். பலகை என்றால் ஆசாரி வருவார். வண்டி என்றால் மெக்கானிக் வருவார். ஆள் என்றால் யாரும் வரமாட்டார்கள். பொருட்காட்சி முடிகிறவரை அந்த ஆள் சுவரேறக் கூடாது. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் கிணற்றுக்குள் ஒருவன் செத்தால் அன்றைக்கு அப்பளம்கூட விற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சாத்தூரில் வைப்பாற்றங்கரையில் கொட்டகை போட்டிருந்த கோடையில் அப்படி விழுந்தவர் இன்னாசிமுத்து. பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டிய அந்த ராட்சதப் பீப்பாய்க்குள், சுவரோடு சுவராக முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் சனம் கைக்குட்டையை நீட்டினால் ஓடுகிற ஓட்டத்தில் பிடுங்கிக்கொண்டு போவார். நேற்று சாயங்காலம் கைக்குட்டையைப் பிடுங்கிய கையோடு சரிந்து கீழே வந்தார். நல்ல வேளை, சுவருக்கும் தரைக்கும் நடுவே சாய்வாகப் பலகை போட்ட அடிச்சரிவில் வந்து விழுந்ததால் கையில் ஒரு கட்டோடும் காலில் ஒரு நொண்டலோடும் போயிற்று.

இன்று மத்தியானம் கடைக்காரர்கள் கிணற்றுக்குள் வந்து சரிவில் உட்கார்ந்தார்கள். மிளகாய் பஜ்ஜிக் கடை மைதீன் பாய், தாம்பாளம் அகலத்துக்கு டெல்லி அப்பளம் பொரிக்கும் குருவம்மா, ராட்சத ராட்டினம் சங்கரபாண்டி. நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் காண்ட்ராக்டர் பரமானந்தம். மொத்தப் பொருட்காட்சியும் அவர் பொறுப்பு. புதிதாக வந்திருக்கும் குளுகுளு பனி மாளிகை அவருக்கே சொந்தம்.

கதவோரம் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு குந்தியிருந்தாள் ஜெயசீலி. இன்னாசியின் மனைவி. அதே சுவரில் இரண்டாவது வண்டி ஓட்டுகிறவள். காலையிலிருந்து ஒவ்வொரு பலகையாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டாள், ஒன்றுகூட ஆடவில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்தாள், அதிலும் பழுதில்லை. பார்த்திருக்கவே வேண்டாம். நேற்று அவருக்கு அரை வட்டம் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். கைக்குட்டைக்காக அவர் நிமிர்ந்ததையும், ஆக்சிலேட்டரை முறுக்கியிருந்த மணிக்கட்டு தொப்பையில் போய் இடித்ததையும், ஒரு நொடி வேகம் விட்டுப்போனதையும் கண்ணால் கண்டாள். இந்தத் தொப்பை போன பொங்கலுக்கு இல்லை.

குற்றம் ஆள்மேல் இல்லை என்று இவர்கள் சொல்லிவிட்டால், சாயங்காலம் அவர் மறுபடி ஏறுவார். மறுபடி விழுவார். சரிவில்தான் விழுவார் என்று என்ன நிச்சயம்? ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் அவள் வாயால் தொப்பை என்று சொல்லிவிட்டால், அந்த மனுஷன் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இறுக்கிய நட்டையே திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்னாசி தொண்டையைக் கனைத்தார். "நல்லாக் கேட்டுக்கோங்க. நேத்து நான் விழலை."

"அப்ப கையில என்ன, மருதாணியா?" என்றார் மைதீன் பாய்.

"இறங்கினேன் பாய். எங்கருந்து இறங்கினேன்னு கேளுங்க."

"சுவத்துலருந்து."

"மேகத்துலருந்து."

குருவம்மா மடியில் வைத்திருந்த மாவுக் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள். பலகையும் இல்லை, வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. மனுஷன் நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நேத்து வந்தது சூறாவளி. ரேடியோவுல சொல்ற புயல் இல்ல. அது ஊர் ஊரா மழை. இது மேகத்துலருந்து யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கி நின்னு சுத்துறது. அமெரிக்காவுல வீட்டைப் பேத்துக்கிட்டுப் போகுமே, அது."

"அது சாத்தூருக்கு எப்படி வழி தெரிஞ்சு வந்துச்சு?" என்றார் சங்கரபாண்டி.

"வரலை சங்கரபாண்டி. இங்கயே பொறந்துச்சு. பெத்தவங்க எல்லாரும் இந்தக் கிணத்துக்குள்ளதான் உட்கார்ந்திருக்கீங்க."

கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து மத்தியானம் மழை பெஞ்சுச்சா? நனைஞ்ச ஆத்து மணல்ல வெயில் விழுந்து ஆவி கிளம்புச்சா? அதோட பாய் கடை எண்ணெய்ச் சட்டி. அந்த எண்ணெய் என்னை விட அனுபவசாலி."

"எண்ணெயைப் பத்திப் பேசாதீங்க" என்றார் பாய்.

"குத்தம் சொல்லலை பாய். சூட்டைச் சொல்றேன். ஈரமும் சூடுமா இருக்குற காத்து லேசு. மேல போகணும்னு துடிக்கும். ஆனா மேல யாரு? நம்ம காண்ட்ராக்டர் ஐயாவோட பனி மாளிகைக் குளிரு. கூரை ஓட்டை வழியா ஒழுகி, அங்கயே படர்ந்து கிடக்கு. குளிர்ந்த காத்து கனம். இட்லிச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருச்சு."

"கூரையில ஓட்டை எதுவும் இல்லையே" என்றார் பரமானந்தம்.

"இப்பப் போய்ப் பாருங்க ஐயா, இருக்கும்."

பரமானந்தம் எழுந்திருக்கலாமா என்று யோசித்து, கதை போய்விடுமே என்று உட்கார்ந்துவிட்டார்.

"கீழ கொதிக்குது, மேல மூடி. எவ்வளவு நேரந்தான் தாங்கும்? ஒரு கட்டத்துல பிச்சுக்கிட்டு மேல போச்சு பாருங்க, பாய் கடையில வெந்துக்கிட்டிருந்த பஜ்ஜியெல்லாம் சட்டியை விட்டு எழுந்து நின்னு, நாங்களும் வர்றோம்னு கிளம்பிருச்சு."

"எழுந்து நின்னுச்சா?"

"காம்பைப் பிடிச்சுக்கிட்டு."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"வெறுமனே மேல போனா அது புகை" என்று இன்னாசி தொடர்ந்தார். "சுத்தணுமே. அதுக்குத்தான் சங்கரபாண்டி ராட்டினம். சங்கரபாண்டி, உங்க ராட்டினம் உச்சியில எந்தப் பக்கம் போகுது?"

"மேற்க."

"அடியில?"

"கிழக்க."

"போச்சா? உச்சிக் காத்தை வேகமா மேற்க தள்ளுது, தரைக்காத்தைக் கிழக்க தள்ளுது. நடுவுல மாட்டின காத்து என்ன பண்ணும்? ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல திரி உருட்டுறோமே, அந்த மாதிரி உருளும். ஆனா படுத்துக்கிட்டு உருளும். சுருட்டின ஜமுக்காளம் மாதிரி. ஜமுக்காளத்துக்குப் பயந்து எவனும் ஓடமாட்டான். அந்த நேரம் பாத்து பாயோட சூடு கிளம்பி வந்து, அந்தச் சுருட்டோட நடுவயித்துல குத்தித் தூக்கிச்சு. படுத்துக் கிடந்தது எழுந்து நின்னுச்சு. எங்க நின்னுச்சு? இந்த ஊர்லயே வட்டமா, அதுக்குன்னே கட்டி வச்ச மாதிரி இருக்குற இடம் எது?"

எல்லோரும் தங்களைச் சுற்றியிருந்த பலகைச் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றாள் குருவம்மா. "எங்க ஊர்ப் பொட்டல்லயும் சித்திரை வெயிலுக்குச் சுழிக்காத்து சுத்தும். நாலு காகிதத்தைத் தூக்கும், அடங்கிரும். இது மட்டும் ஏன் அம்புட்டு வேகம்?"

"கேட்டா இப்படிக் கேக்கணும்" என்று இன்னாசி கிணற்றின் மையத்துக்கு வந்தார். நொண்டலை மறந்து, கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் அகல விரித்து, குதிகாலில் மெதுவாகச் சுற்றினார். "பாத்துக்கோ. கை விரிஞ்சிருக்கு. வட்டம் பெருசு. மெதுவாத்தான் சுத்துறேன். இப்பக் கையை மார்போட சேக்குறேன்."

சேர்த்தார். விசுக்கென்று வேகம் கூடியது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, காண்ட்ராக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையின் கீழ்ப் பொத்தான் ஒன்று மட்டும் நிற்காமல் தெறித்து உருண்டு போய் ஜெயசீலியின் காலடியில் விழுந்தது.

"தெம்பு அதே தெம்புதான். நான் புதுசா உந்தலை. வட்டம் ஒடுங்கிச்சு, வேகம் கூடிச்சு. சூறாவளிக்கும் அதேதான், எல்லாம் இடுப்புலதான் இருக்கு. மேல போற காத்து அதை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கும். இழுக்க இழுக்க நீளும். நீள நீள இடுப்பு ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். உன் பொட்டல் சுழிக்காத்தை மேலருந்து இழுக்க ஆளில்லை, அதான் அடங்கிருது. ஆனா ஒண்ணு. இடுப்பு பெருத்துச்சுன்னா, எப்பேர்ப்பட்ட சூறாவளியும் தள்ளாடிக் கவுந்துரும்."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார் பரமானந்தம்.

"முப்பது வருஷமா சுத்துறவனுக்குச் சுத்துறதைப் பத்திச் சொல்லித் தரணுமா ஐயா?"

ஜெயசீலி பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"சரி, நீ எப்படி அதுக்குள்ள போன?" என்று சங்கரபாண்டி எடுத்துக் கொடுத்தார். சந்தேகப்பட வந்தவர் இப்போது கதை கேட்கிற ஆளாகிவிட்டார்.

"நான் எங்க போனேன்? சுவத்துல ஓட்டிக்கிட்டிருக்கேன். திடீர்னு டயர்ச் சத்தம் நின்னுருச்சு. என்னடான்னு பாத்தா, அடியில பலகை இல்ல. காத்துச் சுவத்துல ஓடிக்கிட்டிருக்கேன். பலகை மாதிரி தடதடன்னு இல்லாம, வழுவழுன்னு. நாலு வழிச் சாலை தோத்துச்சு. நான் பாட்டுக்கு வட்டம் வட்டமா மேல போறேன். சங்கரபாண்டி ராட்டினம் கரண்ட் இல்லாமலே சுத்துது. சுத்துன சுத்துல கரண்டு வயர் வழியா திரும்பிப் போய், ஊர் பூரா இருட்டுமுன்னயே தெரு விளக்கு எரியுது."

"நேத்து எரிஞ்சுச்சுதான்" என்றாள் குருவம்மா.

"அது மறந்து போட்டு வச்சிருந்தானுங்க" என்றார் பாய்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க பாய். அதுக்கு மேல போனா, குருவம்மாவோட அப்பளம் அத்தனையும் பறவைக் கூட்டமாப் பறக்குது. பச்சை அப்பளமாப் போனது, பாய் கடைச் சூட்டுல பொரிஞ்சு, பொன்னிறமா கோவில்பட்டியில போய் இறங்குது. சனம் தட்டோட தெருவுக்கு வந்துருச்சு. ஒருத்தன் அங்கருந்து கத்துறான், மிளகாய்ப் பொடி போடலையேன்னு."

"அவ்வளவு உசரத்துல கேட்டுச்சா?"

"குறை சொன்னா எனக்குக் கேட்டுரும். இன்னும் மேல போறேன். மதுரைக்குப் போற பிளேன் குறுக்க வருது. சன்னலோரம் ஒரு அம்மா. என்னைப் பாத்ததும், பழக்க தோசம், கைக்குட்டையை நீட்டிருச்சு. நான் ஓடுற ஓட்டத்துல ஒரே பிடுங்கு."

"பிளேன் சன்னல் திறக்காதே" என்றார் பரமானந்தம். இரண்டு தடவை பிளேனில் போனவர்.

"அதனாலதான் ஐயா பாதிதான் கிடைச்சுது." இன்னாசி சட்டைப் பையிலிருந்து கிழிந்த கைக்குட்டை ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நீலக் கரை, ஓரத்தில் பூ வேலை.

குருவம்மா முன்னால் குனிந்து பார்த்தாள். "இது என்னோடது. நேத்து நான்தான் மேல நின்னு நீட்டினேன்."

"அப்ப அந்தப் பிளேன்ல போனது நீதானா குருவம்மா? சொல்லவே இல்லையே."

கிணறு முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது. பரமானந்தமும் சிரித்தார், நாற்காலி கிறீச்சிட்டது. ஜெயசீலி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள் ஆளைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"இதெல்லாம் நாங்க ஒருத்தருமே பாக்கலையே" என்று பாய் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "சனம் பூரா மேல நின்னுச்சே."

"நின்னு எங்க பாத்துச்சு? கிணத்துக்குள்ள. கிணத்தை எட்டிப் பாக்குறவன் எவன் பாய் ஆகாசத்தைப் பாப்பான்?"

பாய் யோசித்துப் பார்த்து, ஒப்புக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார்.

"இப்ப நான் நினைச்சிருந்தா அப்படியே தூத்துக்குடி பாத்துட்டு வந்திருக்கலாம். ஆனா கீழ பாத்தா, இந்தத் தும்பிக்கை ஊர்ப்பக்கம் நகருது. பஸ் ஸ்டாண்டை உறிஞ்சப் போகுது. சரி, இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு வண்டியைத் திருப்பினேன். அது சுத்துற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா ஓட்டினேன். முறுக்கின கயித்தைத் திருப்பி முறுக்கினா பிரியுமில்ல? ஒவ்வொரு சுத்துக்கும் அதோட இடுப்பு ஒரு சாண் பெருக்குது, வேகம் குறையுது. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து, இதோ, இந்தக் கிணத்து வாய்க்கு நேரா கழட்டி விட்டேன். கடைசி ஒரு ஆள் உசரத்துக்குத்தான் காத்து தீந்துபோச்சு, பெட்ரோல் தீந்த மாதிரி. அந்த ஒரு ஆள் உசரம் மட்டும் நான் சும்மா இறங்க வேண்டியதாப் போச்சு. அதைப் பாத்துட்டுத்தான் நீங்கள்லாம் இன்னாசி விழுந்துட்டான்னு சொல்றீங்க."

சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையால் மீசையைத் தடவிக்கொண்டார். "சாத்தூரைக் காப்பாத்தினதுக்கு மாலை போடச் சொல்லலை. சாயங்காலம் வண்டியை எடுக்க விட்டாப் போதும்."

பரமானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று இன்னாசி விழுந்ததிலிருந்து சிரிக்காமல் இருந்தவர். "என்னப்பா சொல்றீங்க? பலகை சரியா இருக்கு. வண்டி சரியா இருக்கு. காத்துன்னே வச்சுக்குவோமா?"

"வச்சுக்குவோம்" என்றார் சங்கரபாண்டி. "அப்பளம் போனது போகட்டும்" என்றாள் குருவம்மா. பாய் மட்டும் ஜெயசீலி பக்கம் பார்த்தார். "ஜெயசீலிம்மா ஒண்ணுமே சொல்லலையே. பின்னாலேயே ஓட்டிக்கிட்டிருந்தது நீதானே?"

இன்னாசியும் திரும்பிப் பார்த்தார். மீசையிலிருந்த கை அப்படியே நின்றது. இத்தனை நேரம் மேகத்தில் வண்டி ஓட்டிய முகத்தில் முதல்முறையாக ஒரு பயம் தெரிந்தது.

ஜெயசீலி எழுந்தாள். சேலையில் கையைத் துடைத்தாள்.

"சூறாவளி வந்தது வாஸ்தவம்" என்றாள். "நான் பாத்தேன்."

இன்னாசிக்கே தூக்கிவாரிப் போட்டது.

"பாய் கடைச் சட்டியிலருந்துதான் கிளம்புச்சு. அதுவும் வாஸ்தவம். நேத்து மட்டும் இல்ல, மூணு மாசமா சாயங்காலம் சாயங்காலம் பொட்டலம் பொட்டலமா கிளம்புது. நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்." பாயின் கண் மெல்ல இன்னாசியின் சட்டைக்குப் போயிற்று. "வேகம் எதுல இருக்குன்னும் இவரே சொல்லிட்டாரு. வட்டம் ஒடுங்கினா ஓடும், பெருத்தா கவுந்துரும். காத்துக்கு ஒண்ணு, மனுசனுக்கு ஒண்ணுன்னு இருக்குமா? இவரு குத்தமில்ல. பலகை குத்தமில்ல. வண்டி குத்தமில்ல."

உள்ளங்கையை விரித்துப் பொத்தானைப் பரமானந்தத்திடம் நீட்டினாள்.

"இடுப்பு குத்தம்."

முதலில் குருவம்மாதான் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பாய் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குலுங்கினார். இன்னாசி மறுக்கப் பார்த்தார். மறுத்தால் சூறாவளியை மறுக்க வேண்டும். தன் பஜ்ஜிச் சூட்டை, தன் ஜவ்வு மிட்டாயை, பிளேனில் வந்த அம்மாவை, எல்லாவற்றையும் மறுக்க வேண்டும். ஒரு கிணற்றுச் சனத்துக்கு முன்னால் இவ்வளவு நல்ல கதையைத் தானே பொய் என்று சொல்ல அவரால் ஆகாது.

"அது ஒடுங்குற வரைக்கும்…" என்று இழுத்தார்.

"ஒடுங்குற வரைக்கும் மைக் பிடிங்க" என்றார் பரமானந்தம். "வாசல்ல நின்னு இதே கதையைச் சொல்லுங்க. நான் சிரிச்ச சிரிப்புக்கு ஊரே வரும்."

"கதையா?" என்றார் இன்னாசி, மனம் புண்பட்டவராக.

சாயங்காலம் ராட்டினம் சுற்ற ஆரம்பித்தபோது, கிணற்று வாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளே வண்டியை உதைத்தபடி, அதில் வந்த இன்னாசியின் குரலை ஜெயசீலி கேட்டாள். "வாங்க, வாங்க. நேற்று சாத்தூரில் வந்து இறங்கிய சூறாவளியை அவிழ்த்து விட்ட இன்னாசி பேசுகிறேன். அந்தச் சூறாவளி ஏன் திரும்பி வரவில்லை என்று தெரியுமா? நான் திருப்பி முறுக்கியதால் என்று நினைத்தேன். தப்பு. கீழே குனிந்து பார்த்திருக்கிறது. இரண்டாவது வண்டியில் என் வீட்டுக்காரி. நம்மை விட வேகமாக ஒன்று சுற்றுகிறதே என்று வெட்கப்பட்டு ஓடிவிட்டது. நம்பாதவர்கள் மேலே ஏறி நீங்களே பாருங்கள்."

படிக்கட்டு தடதடத்தது. நேற்றைப்போல இரண்டு பங்கு சனம். விளிம்பில் தலைகள் நெருங்கின.

ஜெயசீலி மேலே பார்த்தாள். சனத்தோடு ஏறி வந்து, விளிம்போரம் மைக்கோடு இன்னாசி. அவர் பக்கத்தில், காகிதத்தில் சுற்றிய பஜ்ஜிப் பொட்டலத்தோடு மைதீன் பாய். புது வேலைக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறார். பொட்டலம் நீண்டது. இன்னாசியின் கை அதை நோக்கிப் போயிற்று.

ஜெயசீலி வண்டியை அணைத்தாள். சனம் அமைதியானது.

"ஏங்க" என்றாள், கீழேயிருந்து. "காத்து கிளம்புற மாதிரி இருக்கு."

கை திரும்பி வந்துவிட்டது. அவள் வண்டியை மறுபடி உதைத்தாள்.